"ஆளைக் காணோம்" என்று முதலில் சொல்வது யார்?

கிறிஸ்துமஸ் வந்தால் போதும், வாழ்த்துச் செய்தி எதை எடுத்தாலும் அன்பும் சமாதானமும் தவறாமல் இருக்கும். அதே வருடம் எங்காவது ஒரு பாதிரியார் மீனவர்களோடு போய்ப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தால், "சாமியாருக்கு எதுக்கு அரசியல்?" என்ற கேள்வி கிளம்பிவிடும். கிறிஸ்தவர்களிலேயே ஒரு சாரார், சமாதானத்துக்கு ஜெபம் செய்தால் போதும் என்பார்கள். இன்னொரு சாரார் ஏழைகளுக்கு அரிசி கொடுப்பதையே மனித உரிமைப் பணி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களில் பலருக்கு இதெல்லாம் ஏதோ வேடம்.

எல்லோருமே தாண்டிப் போய்விடுகிற ஒரு கேள்வி உண்டு. கூடிச் சாப்பிடுவது, கூடி ஜெபிப்பது என்றிருக்கிற ஒரு கூட்டம், அரசின் கொடுமைக்கு எதிரே நிற்கிற அமைப்பாக மாறுவது எப்படி? அந்த மாற்றத்தை நன்றாகப் பார்க்கக்கூடிய இடம் தென் அமெரிக்காவின் சிலி நாடு. அங்கே என்ன நடந்தது என்பது பிற்பாடு விசாரணை ஆணையங்களாலும் நீதிமன்றங்களாலும் சரிபார்க்கப்பட்டுவிட்டது. அதனால் ஊகத்துக்கு வேலையில்லாமல் பேசலாம். அதற்கு முன் நம் தெருவுக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம்.

பால் பாக்கெட்

தனியாக இருக்கும் ஒரு பெரியவர் வீட்டு வாசலில் இரண்டு நாளாகப் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடக்கிறது. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் நாலாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் யாராவது கதவைத் தட்டுவார்கள். ஒருவரை ஒருவர் தெரிந்த தெருவாக இருந்தால் முதல் நாள் காலையே பக்கத்து வீட்டு அம்மா, "என்ன, ஐயா இன்னும் எந்திரிக்கலையா?" என்று எட்டிப் பார்த்துவிடுவார்.

அந்த அம்மாவுக்குச் சட்டம் தெரியாது. மனித உரிமைப் பிரகடனத்தை அவர் படித்ததில்லை. ஆனால் உரிமைப் பணியின் முதல் படியை அவர்தான் செய்கிறார்: இருக்க வேண்டிய ஆள் இல்லை என்பதைக் கவனிக்கிறார். வக்கீல், பத்திரிகை, ஐ.நா. எல்லாம் இதற்கு அப்புறம்தான். யாரும் கவனிக்காத ஆளுக்காக யாரும் மனுப் போட முடியாது.

அன்பியம்: கவனிப்பதற்கென்றே ஒரு கூட்டம்

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களுக்கு அன்பியம் என்ற சொல் பழக்கமானது. ஒரு பங்கில், அதாவது ஒரு கோயிலின் எல்லைக்குள், ஆயிரம் குடும்பங்கள் இருந்தால் அவர்கள் எல்லோரையும் பங்குத்தந்தை ஒருவரால் அறிந்துவைத்திருக்க முடியாது. அதனால் இருபது முப்பது குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவும் மாதத்துக்கு ஒரு வீட்டில் கூடுகிறது. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, மீதிப் பேருக்குப் பாய், நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. பைபிளில் ஒரு பகுதியை வாசித்து, அது தங்கள் வாழ்க்கையில் எங்கே தொடுகிறது என்று பேசுவார்கள். கடைசியில் டீ.

நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் வாசகத்தைவிட நீளமாகப் பேசப்பட்டது, மூன்று மாதமாக வராத ஒரு பெண்ணைப் பற்றி. வீட்டுக்காரர் அடிக்கிறார் என்று தெரியவந்தது. மறுநாள் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போனார்கள். ஜெபமாலை சொல்லிக் கலையும் கூட்டம் என்று அன்பியத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு, பல இடங்களில் அது உண்மையும்தான். ஆனால் அன்று ராத்திரி அந்தப் பாயில் நடந்தது வேறு.

உலகம் முழுக்க இதற்கு அடிப்படைக் கிறிஸ்தவ சமூகம் என்று பெயர்: ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அறிந்த, சிறு அளவிலான நம்பிக்கைக் குழு. லத்தீன் அமெரிக்காவில் 1960-களில் இது வேகமாகப் பரவியது. கொலம்பியாவின் மெதயின் நகரில் 1968-ல் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள், அதாவது பிஷப்புகள், இதற்குப் பெரிய ஊக்கம் கொடுத்தார்கள். இந்தக் குழுக்கள் கைக்கொண்ட முறை பார்த்தல், சீர்தூக்குதல், செயல்படுதல். பெல்ஜியத்தில் ஆலைத் தொழிலாளர்களிடையே பணியாற்றிய கார்டைன் என்ற குரு பரப்பிய முறை அது. மூன்றில் கஷ்டமானது முதல் படிதான் என்பது என் எண்ணம். பார்க்காமலே தீர்ப்புச் சொல்ல நம் எல்லோருக்கும் வரும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: ஒருவரை ஒருவர் அறிந்த குழு, ஒருவர் இல்லாமல் போனதை உடனே கவனிக்கிறது. அந்தக் கவனிப்பு மட்டும் கையில் இருக்கிறது, எதிரே துப்பாக்கி ஏந்திய ஓர் அரசு நிற்கிறது என்றால் என்ன ஆகும்?

சிலி, 1973

1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த 17 ஆண்டுகள் ஜெனரல் பினோசெ ஆண்டார். கட்சிகளும் தொழிற்சங்கங்களும் முடக்கப்பட்டன, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. வீடுகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் ஆட்கள் வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். கேட்டால், "அப்படி யாரையும் நாங்கள் கைது செய்யவில்லை" என்று பதில் வந்தது.

இதைத்தான் வலிந்து காணாமல் ஆக்குதல் என்கிறோம்: அரசின் ஆட்கள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டு, பிடித்ததையே மறுப்பது. காணாமல் போவது வேறு, காணாமல் ஆக்கப்படுவது வேறு. ஈழத் தமிழர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

கட்சி அலுவலகம் கிடையாது, சங்கக் கட்டடம் கிடையாது. மகனைத் தேடும் ஒரு தாய் எங்கே போவாள்? கோயில் வாசலுக்குத்தான் வந்தார்கள். அக்டோபர் மாதமே கத்தோலிக்கர், லூத்தரன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே சபையார், யூதர்கள் எல்லோரும் சேர்ந்து ஓர் உதவிக் குழுவைத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் பினோசெ அதைக் கலைக்கச் சொன்னார். அதற்குத் தூணாக இருந்த லூத்தரன் பிஷப் ஹெல்முட் ஃப்ரென்ஸ், வெளிநாட்டுப் பயணத்திலிருந்து நாடு திரும்ப அனுமதிக்கப்படவில்லை.

தலைநகர் சாந்தியாகோவின் பேராயர் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கேஸ் செய்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சரி, கலைத்துவிடுகிறோம் என்றார். 1975 முடிவில் கலைத்தார். 1976 ஜனவரி 1 அன்று அதே வேலைக்குப் பேராயத்தின் உள்ளேயே ஒரு துறையைத் திறந்துவிட்டார். இடம், நகரின் நடுச் சதுக்கத்தில் பேராலயத்தை ஒட்டிய கட்டடம். பெயர் விகாரியா டி லா சோலிதாரிதாத், நாம் தோழமைப் பணியகம் என்று வைத்துக்கொள்ளலாம். முந்தையது பல சபைகள் சேர்ந்த குழு, அதைக் கலை என்று அரசு நெருக்கலாம். இது திருச்சபையின் உறுப்பு. இதன்மேல் கைவைத்தால், தன்னைக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொள்ளும் பினோசெ வத்திக்கானோடு மோத வேண்டியிருக்கும். பணியகம் 1992 வரை இயங்கியது.

மேசை, தட்டச்சு, கோப்பு

இந்த இடத்தில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். உள்ளே நடந்த வேலையில் வீர வசனம் எதுவும் இல்லை. வருகிறவரைச் சமூகப் பணியாளர் ஒருவர் எதிரே உட்காரவைத்துக் கேட்பார்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வண்டி, சீருடையா சாதா உடையா, பார்த்தது யார், என்ன சட்டை போட்டிருந்தார், பல் ஏதாவது கட்டியிருந்தாரா. பதில்கள் தட்டச்சாகிக் கோப்பில் சேரும். அடுத்து வக்கீல் வருவார்.

வக்கீல் கையில் இருந்த ஆயுதம் நம் ஊர்ச் செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிற ஒன்றுதான். ஆட்கொணர்வு மனு: பிடித்துவைத்திருக்கும் ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. சிலியில் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் மனுவுக்கு அம்பாரோ என்று பெயர். பணியகம் ஆயிரக்கணக்கில் தாக்கல் செய்தது. நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டவை மிக மிகச் சில.

தோற்கும் என்று தெரிந்தே ஏன் மனுப் போட வேண்டும்? புகார் கொடுக்கப் போகும் இடத்தில், கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பாதே என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்களே, அதே காரணம். இன்ன தேதியில் இன்னாரைக் காணோம் என்று கேட்டோம், நீங்கள் இன்ன பதில் சொன்னீர்கள் என்பது முத்திரையோடு பதிவாகிவிடுகிறது. பொய் சொன்னாலும் அதை எழுத்தில் சொல்லியாக வேண்டும். எழுத்தில் உள்ள பொய்யை இருபது வருடம் கழித்தும் எடுத்துக் காட்டலாம்.

1975-ல் சிலி அரசு ஐ.நா.விலேயே ஒன்று சொன்னது: காணாமல் போனதாகச் சொல்லப்படுகிறவர்களில் பலர் சட்டப்படி இருந்ததே இல்லையாம். கல்யாணத்தில் சாப்பிட்டவர்களும் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவர்களும் நாலு தெருவில் உயிரோடு இருக்கும்போது, அந்த மனிதன் பிறக்கவே இல்லை என்கிறது அரசு. சமூகம் என்பது எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று. உள்ளே வேலை செய்த வக்கீல்களும் பணியாளர்களும் எல்லோரும் பக்தர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கோயில் பக்கமே போகாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆவணப் பிரிவின் தலைவர் ஹோசே மனுவேல் பராதா கம்யூனிஸ்ட். 1985 மார்ச் 29 அன்று, தன் மகள் படித்த பள்ளியின் வாசலில் அவரைக் கடத்தினார்கள். மறுநாள் இன்னும் இரண்டு பேரோடு கழுத்து அறுபட்ட நிலையில் கிடைத்தார். செய்தது காவல்துறை ஆட்கள் என்று பிறகு நீதிமன்றத்தில் நிரூபணமானது. கோப்புகளைப் பார்த்து யார் பயந்தார்கள் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

சுருக்கமாக: கவனித்ததை எழுதிவைத்தார்கள், எழுதியதை நீதிமன்றத்தில் பதியவைத்தார்கள், மறுப்பையும் சேர்த்தே பத்திரப்படுத்தினார்கள். இதற்குத்தான் ஆவணப்படுத்தல் என்று பெயர்.

பொதுப் பானையும் கோணித்துணியும்

கோப்பு மட்டும் வயிற்றை நிரப்பாது. சம்பாதிக்கிறவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், அல்லது அவருடைய வேலை போய்விட்டது. நகர விளிம்புக் குடியிருப்புகளில் பங்குக் கோயில்களின் கூடங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் இடங்களாயின. அப்புறம், 1982-ல் பொருளாதாரம் சரிந்தபோது, பல குடும்பங்கள் இருப்பதைக் கொண்டுவந்து போட்டு ஒரே பானையில் சமைத்துச் சாப்பிட்டன. வெங்காயம் நறுக்கும்போதுதான் பேச்சு வரும். ஒருத்தி சொல்வாள், "என் வீட்டிலும் அப்படித்தான் வந்தார்கள், அதே வண்டி."

அதே கூடங்களில் பெண்கள் தைத்தார்கள். கோணித்துணியின்மேல் வண்ணத் துண்டுகளை ஒட்டித் தைத்துப் படம் ஆக்குவது. ஆர்பியேரா என்று பெயர். மேலே ஆண்டிஸ் மலை, பக்கத்தில் சூரியன், கீழே சின்னச் சின்னத் துணிப் பொம்மை மனிதர்கள். தள்ளி நின்று பார்த்தால் குழந்தைகள் அறைக்கு மாட்டுகிற படம் மாதிரி இருக்கும். கிட்டே போனால் சிறைக் கம்பி தெரியும், பூட்டிய ஆலைக் கதவு தெரியும், "எங்கே இருக்கிறார்கள்?" என்ற பதாகை தெரியும். சிலர் காணாமல் ஆக்கப்பட்டவரின் சட்டையிலிருந்தே துண்டு வெட்டித் தைத்தார்கள். பணியகம் அவற்றை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பி விற்றது. வீட்டுக்குக் காசு வந்தது, வெளி உலகத்துக்குச் செய்தி போனது.

லொன்கேன் சுண்ணாம்புக் காளவாய்

1978 கடைசியில் ஒரு குருவானவர் வழியாகத் தகவல் ஒன்று வந்தது: சாந்தியாகோவுக்கு அருகே லொன்கேனில், பழைய சுண்ணாம்புக் காளவாயில் மனித உடல்கள் கிடக்கின்றன. நீங்களோ நானோ என்றால் உடனே ஊரைக் கூட்டியிருப்போம். பணியகம் வாயைத் திறக்கவில்லை. நவம்பர் 30 அன்று துணை ஆயர் ஒருவர், வக்கீல்கள், இரண்டு பத்திரிகை ஆசிரியர்கள் என ஒரு சிறு குழு நேரில் போய்ப் பார்த்தது. அந்தப் பத்திரிகைகளில் ஒன்று வலதுசாரிப் பத்திரிகை. நமக்கு வேண்டியவர் சொல்லும் சாட்சியைவிட வேண்டாதவர் சொல்லும் சாட்சிக்கு எடை அதிகம் என்று தெரிந்தே அவரையும் கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றத்தில் புகார்.

அங்கே கிடைத்தவை 15 பேரின் எச்சங்கள். 1973 அக்டோபர் 7 அன்று இஸ்லா தே மைப்போ என்ற ஊரில் காவல்துறை பிடித்துப்போன விவசாயிகளும் இளைஞர்களும். ஒரு தகப்பனும் அவருடைய நாலு மகன்களும் அதில் உண்டு. இருந்ததே இல்லை என்ற கதை அன்றோடு செத்தது.

அப்போது தண்டனை கிடைத்ததா? இல்லை. காவலர்கள்மேல் வழக்குப் போனது, ஆனால் 1978 ஏப்ரலிலேயே அரசு ஒரு பொது மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்திருந்தது: 1973 செப்டம்பர் 11 முதல் 1978 மார்ச் 10 வரை நடந்த குற்றங்களுக்குத் தண்டனை இல்லை. ராணுவ நீதிமன்றம் அதைக் காட்டி வழக்கை மூடியது. 1979 செப்டம்பரில், உடல்கள் வரும், இறுதித் திருப்பலி நடத்தலாம் என்று குடும்பங்கள் சாந்தியாகோவில் கோயிலில் காத்திருந்தன. உடல்கள் வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பொதுக்குழியில் புதைத்துவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் பூட்டைத் திறந்த சாவி விசித்திரமானது. ஆள் கடத்தல் என்பது கடத்தப்பட்டவர் கிடைக்கும்வரை தொடரும் குற்றம். உடலே கிடைக்காதவர் விஷயத்தில் கடத்தல் 1978 மார்ச் 10-ஐத் தாண்டியும் நடந்துகொண்டிருக்கிறது, ஆகவே மன்னிப்பு அதைத் தொடாது. உடலை ஒளித்தவர்கள் தங்களுக்கே குழி தோண்டியிருந்தார்கள். 1999-ல் சிலி உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கத் தொடங்கியது. 2004-ல் அதன் அடிப்படையில் முன்னாள் உளவுத்துறைத் தலைவர் மனுவேல் கொன்த்ரேராஸின் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் வாதம் நிற்க வேண்டுமென்றால் இன்னார் இன்ன தேதியில் பிடிக்கப்பட்டார் என்று காட்டியாக வேண்டுமே? கோணித்துணி தைத்த பெண்கள் எழுபதுகளில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்ன பதில்கள் கோப்பில் இருந்தன. 1991-ல் உண்மை ஆணையம் 2,279 பேர் கொல்லப்பட்டோ காணாமல் ஆக்கப்பட்டோ போனார்கள் என்ற முடிவுக்கு வந்ததற்கும் இந்தக் கோப்புகள் பெரிய ஆதாரம்.

தெருவில் சில நிமிடங்கள்

எல்லோரும் மேசை வேலையோடு நிற்கவில்லை. 1983-ல் இயேசு சபைக் குரு ஹோசே அல்துநாதேயும் சில குருக்களும் அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் சித்திரவதைக்கு எதிரான ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். உளவுத்துறையின் ரகசியக் கட்டடத்துக்கு எதிரே திடீரென்று கூடுவார்கள். "இங்கே சித்திரவதை நடக்கிறது" என்று பதாகை பிடிப்பார்கள், பாடுவார்கள், சில நிமிடங்களில் கலைவார்கள். அடித்தால் திருப்பி அடிப்பதில்லை. இரண்டு மாதம் கழித்து, கான்செப்சியோன் நகரில் செபாஸ்தியான் அசெவேதோ என்ற தகப்பன், பிடித்துப்போன தன் பிள்ளைகளைக் காட்டச் சொல்லிப் பேராலயத்துக்கு முன்னால் தீக்குளித்து இறந்தார். இயக்கம் அவர் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டது.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இப்படியா?

இல்லவே இல்லை. சிலியிலேயே 1974 டிசம்பரில் எவாஞ்சலிகல் சபைத் தலைவர்கள் பலர் ராணுவ ஆட்சிக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார்கள். பிஷப் ஃப்ரென்ஸ் விஷயத்தில் லூத்தரன் சபை இரண்டாக உடைந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாவில் ஆயர்கள் பலர் ராணுவத் தளபதிகளோடு நெருக்கமாக இருந்தார்கள். பணியகத்தின் முதல் தலைவராக இருந்த குருவே பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளின்பேரில் 2018-ல் குருத்துவத்திலிருந்து நீக்கப்பட்டார். ஒரே பைபிள்தான் எல்லோர் கையிலும் இருந்தது. ஆகவே கிறிஸ்தவம் தானாகவே மனித உரிமையைக் கொண்டுவரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மன்னாரில் ஒரு கழித்தல் கணக்கு

எழுதிவைத்துக் கணக்குக் கேட்கும் இதே வழி, தமிழர்களிடையேயும் ஒரு தடவை நடந்தது. 2011 ஜனவரியில் இலங்கை அரசின் நல்லிணக்க ஆணைக்குழு முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஒரு கணக்கைக் கொடுத்தார். 2008 அக்டோபரில் கச்சேரிப் பதிவுகளின்படி, அதாவது மாவட்ட அரசு அலுவலகப் பதிவுகளின்படி, வடக்கில் போர் நடந்த வன்னிப் பகுதியில் இருந்தவர்கள் 4,29,059. போர் முடிந்து அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாக ஐ.நா. கணக்கில் இருந்தவர்கள் 2,82,380. கழித்தால் 1,46,679.

இந்த எண்ணைக் கொல்லப்பட்டோர் தொகை என்று எடுத்துப் பேசுவோர் ஒரு பக்கம், கட்டுக்கதை என்று தள்ளுவோர் இன்னொரு பக்கம். ஆயர் சொன்னது இரண்டும் இல்லை. இரண்டு எண்களும் அரசும் ஐ.நா.வும் எழுதிவைத்தவை. இடையில் இருப்பவர்களுக்கு என்ன ஆனது, விளக்கம் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். இறந்தவர் எத்தனை, நாட்டைவிட்டுப் போனவர் எத்தனை, பதிவில் பிழை எத்தனை என்று பிரித்துச் சொல்ல வேண்டியது பதிவேட்டை வைத்திருக்கிறவர்களின் பொறுப்பு.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் படங்களோடு தெருவோரம் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் இருந்ததும் அதே விவரங்கள்தான்: தேதி, இடம், கடைசியாகப் பார்த்தபோது போட்டிருந்த சட்டை. ஆயர் இராயப்பு யோசேப்பு 2021 ஏப்ரல் 1 அன்று காலமானார். அவர் கேட்ட விளக்கம் அதுவரை வரவில்லை.